மழையும் வெயிலும் தின்ற வீடுகள்: படமெடுப்பது, கணினியில் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தேக்கா, ஜூ சியாட், பிளேர் சாலை, புலாவ் உபின் ஆகிய இடங்களில் பழைய வீடுகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என்னோடு நடக்க வருகிறவர்களும், படங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். கேமரா வாங்குவதற்கான ஆலோசனை இதில் மிகக் குறைவு. சுவரைப் பற்றிய பேச்சே மிகுதி. ஒரு கறை எதனால் வந்தது என்று தெரியாதவரால், அதைக் கணினியில் கூட்டலாமா குறைக்கலாமா விட்டுவிடலாமா என்று தீர்மானிக்க முடியாது என்பதே அதற்குக் காரணம்.

சிங்கப்பூரில் பழைய கட்டடங்கள் எல்லாம் புதுவண்ணம் பூசியவையாகவே தெரிகின்றன. முதுமை தெரியும் வீடுகள் எங்கே இருக்கின்றன?

முகப்பை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் 1989-இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன; இன்று தீவெங்கும் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பாதுகாப்பு என்றால் பழுதுபார்ப்பும் உண்டு, பழுதுபார்ப்பு என்றால் பெரும்பாலும் வண்ணப் பூச்சும் உண்டு. கெர்பாவ் சாலையில் 1900-இல் கட்டப்பட்ட டான் தெங் நியா இல்லத்தைப் பாருங்கள். மிட்டாய் ஆலை நடத்திய சீன வணிகர் ஒருவரின் வீடான அது, இன்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிறம் என்று வானவில்லாக நிற்கிறது. சுற்றுப்பயணிகளின் கைப்பேசிகள் அதை விடுவதில்லை. ஆனால் காலத்தின் தடம் தேடுபவருக்கு அங்கே வேலை குறைவு.

வீட்டின் வயதை அறிய அதன் முதுகுப்புறம் போக வேண்டும். கடைவீடுகளின் இரு வரிசைகளுக்கு நடுவே ஓடும் பின்சந்துகள் பலவும், 1927-இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி அமைப்பின் காலத்தில், நெருக்கத்தைக் குறைக்கவும் கழிவு அள்ளுவோர் வந்துபோகவும் திறந்துவிடப்பட்டவை. வாளியில் கழிவு அள்ளும் முறை 1987-இல்தான் முற்றாக நின்றது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சந்தில் இருக்கும் ஒவ்வொரு சின்னக் கதவும் வேறு மாதிரித் தெரியும். சுழல்படிக்கட்டுகள், துருவேறிய குழாய்கள், அடைக்கப்பட்ட சன்னல்கள், நான்கு தலைமுறை வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உரிந்து நிற்கும் சுவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முகப்புக்குக் கிடைக்கும் கவனிப்பு முதுகுக்குக் கிடைப்பதில்லை.

பலகையும் துத்தநாகத் தகடும் கொண்ட கம்பத்து (கிராமத்து) வீடுகள் வேண்டுமென்றால் சாங்கி படகுத்துறையிலிருந்து புலாவ் உபினுக்குப் போகலாம். பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் லோரோங் புவாங்கோக் கம்பம் தனியார் நிலம். அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துப் போக வேண்டும்.

சுவரில் உள்ள கறைகளை எப்படிப் படிப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் ஊர்ப் பழைய கடைவீடுகள் செங்கல்லால் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடிக்கப்பட்டவை. சுண்ணாம்பு மூச்சுவிடும், மண்ணிலிருந்து செங்கல்லுக்குள் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். பிற்காலத்தில் அதன்மேல் சிமெண்டோ நெகிழித்தன்மையுள்ள நவீன வண்ணமோ பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அந்த ஈரம் கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, வண்ணத்தை உள்ளிருந்தே தள்ளுகிறது. ஆகவே தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் வண்ணம் கொப்பளித்து உரிந்திருந்தால் அது மண்ணின் ஈரம். அங்கே மாவுபோல் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. கூரை விளிம்பிலிருந்து கீழிறங்கும் கறை என்றால் அது மழைநீர்த் தாரையின் வேலை.

சன்னல் விளிம்புகளுக்குக் கீழே கறுப்பு நாமங்கள்போல் இறங்குபவை பெரும்பாலும் அழுக்கு அல்ல, உயிர். நுண்பாசிகள் நீர் வடியும் பாதையிலேயே குடியேறுகின்றன. செம்மஞ்சள் நிறத்தில் துருபோலத் தோன்றும் படலத்தைப் பலர் இரும்புக்கறை என்று நினைக்கிறார்கள். வெளிச்சமும் ஈரமும் உள்ள நம் சுவர்களில் அது பெரும்பாலும் டிரென்டெபோலியா என்னும் பாசி. பச்சைப்பாசி இனத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் கேரட்டில் உள்ள அதே வகை நிறமி மிகுந்திருப்பதால் செம்மஞ்சளாகத் தெரிகிறது. உண்மையான துருக்கறையை அறிவது எளிது: அது ஓர் ஆணியிலோ கீலிலோ கம்பியிலோ தொடங்கும், கீழே போகப்போக மெலியும்.

வண்ணம் போன பலகை சாம்பல் நிறமாவதும் வெறும் தூசியால் அன்று. வெயிலின் புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிச் செல்கிறது, எஞ்சும் நார் வெள்ளிச் சாம்பலாக நிற்கிறது. எனவே இறவானத்துக்கு அடியில் நனையாத பகுதி பழுப்பாகவும், நனைந்த பகுதி சாம்பலாகவும் இருக்கும். அந்த எல்லைக்கோடு படத்தில் தெரிந்தால் பார்ப்பவர் அந்த வீட்டின் மேல் மழை எந்தக் கோணத்தில் விழுந்தது என்பதையே கண்டுகொள்வார்.

பறவைகள் போட்ட விதையிலிருந்து கூரை இடுக்கில் முளைத்து வேரைச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் அரசங்கன்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுண்ணாம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1861-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு மெட்ராஸ் சுண்ணச்சாந்து பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, பூசிய பின் தேய்த்து மெருகேற்றும் முறை அது. இந்தியக் கொத்தர்களின் கைத்திறன் இந்தத் தீவின் சுவர்களில் இருக்கிறது. அதைப் படமெடுக்கும்போது கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பதில் தவறில்லை.

எந்த நேரத்தில், எந்த மாதத்தில் எடுக்க வேண்டும்?

'பொன்னொளி நேரம்' என்று வெளிநாட்டுக் கையேடுகள் ஒரு மணி நேரத்துக்குக் கணக்குச் சொல்லும். நாம் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. காலை ஏழு மணியை ஒட்டி உதித்தால் விரைவிலேயே அதன் மென்மை போய்விடும், மாலையில் மறைந்த இருபது நிமிடங்களில் இருட்டிவிடும். நம் கடிகாரம் தீவின் இருப்பிடத்தைவிட முன்னே ஓடுவதால் உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு அன்று, ஒரு மணியளவில் வருகிறது. பதினொன்று முதல் மூன்று வரை முகப்பில் விழும் வெயிலைத் தவிர்க்கலாம் என்பது பொது விதி.

பொது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. மார்ச் மாதக் கடைசி முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்குப் பார்த்த வீட்டின் முகத்தில் ஜூன் மாதத்தில்தான் நேர்வெயில் படும்; தெற்குப் பார்த்த வீட்டுக்கு டிசம்பர். அப்போதும் வெயில் நேராக அறைவதில்லை, சுவரை உரசிக்கொண்டு சாய்வாகப் போகும். உரிந்த வண்ணத்தின் ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிழல் விழுவது அந்த ஒளியில்தான். பூவேலைப்பாடுகள் நிறைந்த பெட்டேன் சாலை வரிசை வீடுகள் பதினெட்டும் 1930-இல் கட்டப்பட்டவை. அவற்றைப் போன்ற புடைப்புச் சிற்பங்களுக்கு உரசும் ஒளியைவிட நல்ல விளக்கு இல்லை. நேரில் போகுமுன் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

மழை நாளை வீணென்று எண்ணாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் டிசம்பர், ஜனவரி மாதங்களில், மழை விட்ட அரைமணிக்குள் சுவர் ஈரமும் காய்ச்சலுமாகத் திட்டுத்திட்டாக உலரும். வீட்டின் நோய் எங்கே இருக்கிறது என்பது அப்போது வரைபடம்போலத் தெரியும். ஈரச் சுவரில் நிறம் அடர்த்தியாகவும் இருக்கும், எனவே பிறகு கணினியில் செறிவைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும். மெருகேற்றிய பூவோடுகளில் வானம் பளபளத்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

கைப்பேசி போதுமா?

பெரும்பாலும் போதும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அகலக்கோண லென்ஸைத் தவிர்த்து முதன்மை லென்ஸைப் பயன்படுத்துங்கள். மேலும், கைப்பேசியின் மென்பொருள் சுவரின் நுண்ணிய சொரசொரப்பை இரைச்சல் என்று எண்ணி வழித்துவிடுகிறது. உங்கள் கைப்பேசியில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே, சேமிக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

வீடு பின்னால் சாய்வதுபோல் படம் வருகிறது. என்ன செய்வது?

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது இது. கேமராவுக்குள் படம் பதியும் உணரி சுவருக்கு இணையாக இருந்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எதிர்வரிசை அஞ்சடிக்குள், அதாவது கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைக்குள், முதுகு சுவரில் படும் வரை பின்னால் போய், கேமராவைச் சமமாகப் பிடித்து, கீழே வரும் சாலையைப் பிறகு வெட்டிவிடுவது. (1822-ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் வலியுறுத்திய இந்த நடைபாதை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் படக்காரருக்கு நிழலாகவும் பயன்படுகிறது.) இரண்டாவது, எதிரே பொதுமக்கள் போகக்கூடிய கட்டடத்தின் இரண்டாம் மாடியோ பலமாடிக் கார் நிறுத்துமிடமோ இருந்தால் அங்கே ஏறி, கூரைக்கும் தரைக்கும் நடுவுயரத்திலிருந்து எடுப்பது, எனக்குப் பிடித்தது இதுதான். கூரை ஓடுகளின் வரிசையும் அவற்றில் முளைத்த செடியும் தெரிவது அங்கிருந்து மட்டுமே. மூன்றாவது, கணினியில் நிமிர்த்துவது. அப்படி நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்படும். எனவே எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டிருக்க வேண்டும். மேல்பகுதி இழுபட்டு வீடு இருப்பதைவிட உயரமாகத் தோன்றுவதும் உண்டு. அதைச் சற்று அமுக்கிச் சரிசெய்யுங்கள். முழுக்க நிமிர்த்திய படம் சிலசமயம் வீடு மேலே விரிந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். அப்போது துளி சாய்வை விட்டுவைப்பது என் வழக்கம்.

பழைய வீடே உண்மையில் சாய்ந்திருக்கலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஒருமுறை ஒரு பின்சந்துச் சுவரைக் கோடு பிடித்து நிமிர்த்திவிட்டு, மறுவாரம் போய்ப் பார்த்தபோது சுவர் உண்மையாகவே வயிறு தள்ளி நின்றது.

அஞ்சடிக்குள் எடுத்தால் வெளியே வெளுத்துவிடுகிறது, உள்ளே இருட்டாகிறது.

வெயில் விழும் தெருவுக்கும் அஞ்சடியின் உட்சுவருக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரே படம் தாங்காது. முக்காலியில் வைத்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று நிறுத்தி, நடுவெளிச்சத்தில் ஒன்று, இரண்டு நிறுத்தம் குறைத்து ஒன்று, இரண்டு நிறுத்தம் கூட்டி ஒன்று என மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள். (ஒரு நிறுத்தம் என்பது வெளிச்சத்தை இருமடங்காக்கும் அல்லது பாதியாக்கும் படி; இப்படி இணைப்பதைத்தான் ஹெச்டிஆர் என்கிறார்கள்.) குழல்விளக்கு எரிந்தால் படத்தில் பட்டைகள் விழலாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. அஞ்சடி நடப்பதற்கான வழி என்பதால் முக்காலியை விரித்து வழியை அடைக்காதீர்கள், குறிப்பாகத் தேக்காவில் ஞாயிறு மாலையில்.

கணினியில் எதிலிருந்து தொடங்குகிறீர்கள்?

வெண்சமநிலையிலிருந்து, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வதிலிருந்து. மற்ற எல்லாத் திருத்தங்களும் அதன்மேல் நிற்பவை. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர் படம் முழுவதையும் நிரப்பினால், கேமராவின் தானியங்கி அதை விளக்கின் மஞ்சள் என்று தவறாக எண்ணி, நீலம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும். அவுரி நீலச் சுவரானால் மஞ்சள் சேர்க்கும். வீட்டின் நிறமே போய்விடும். அதனால் சாம்பல் அட்டை ஒன்றைச் சுவரோரம் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் அந்த அட்டையைத் தொட்டு நிறத்தை நிலைநிறுத்துகிறேன். நிழலில் இருக்கும் சுவருக்கு நிறவெப்பநிலையை 7,000 கெல்வின் அளவில் வைக்க வேண்டி வரும். எதிர்க்கடையின் சிவப்புத் தார்ப்பாய் சுவரில் சிவப்பைத் தெளித்திருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் குறைக்கலாம். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன், ஏனென்றால் அந்தத் தார்ப்பாயும் அந்தத் தெருவின் ஒளிதானே.

இதற்கெல்லாம் ரா கோப்பு வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தாம்; 14 பிட் ரா கோப்பில் 16,384. இருண்ட சன்னலுக்குள் இருக்கும் மரச்சட்டத்தை வெளியே கொண்டுவரும்போது அந்த வேறுபாடு தெரியும்.

அடுத்து லென்ஸ் கோணல்களைச் சரிசெய்தல், நிமிர்த்துதல், வெட்டுதல். அதன்பின் வெளிச்சம்: வெண்மை உச்சத்தைக் கீழே இறக்கி வெளுத்த சுண்ணாம்பில் தூரிகைத் தடம் தெரியும்வரை பார்ப்பேன், நிழலை ஓரளவு மட்டும் தூக்குவேன். அஞ்சடியின் உள்மூலை இருட்டாக இருப்பது இயல்பு. எல்லா மூலையிலும் வெளிச்சம் பாய்ந்தால் கட்டடத்தின் ஆழம் போய்விடும். கூர்மையைக் கடைசியில், படம் எந்த அளவில் பயன்படப்போகிறதோ அந்த அளவுக்குச் சுருக்கிய பிறகே சேர்க்கிறேன்.

மென்பொருள் எது என்பது இரண்டாம் பட்சம். லைட்ரூமுக்கு மாதக் கட்டணம் கட்ட விரும்பாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபீ, ஜிம்ப் ஆகியவை காசில்லாமல் கிடைக்கின்றன, இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இரவில், இருட்டறையில், திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்துத் திருத்தாதீர்கள். அச்சடித்துப் பார்த்தால் படம் இருண்டிருக்கும்.

கிளாரிட்டி, டீஹேஸ், ஹெச்டிஆர் ஆகியவற்றை எவ்வளவு கூட்டலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி. அவை செய்வது என்ன என்று தெரிந்தால் கை தானாகவே அடங்கும். கிளாரிட்டி நடுத்தர வெளிச்சப் பகுதிகளில் அண்டை நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பெருக்குகிறது. புதுச் சுவரில் அது பெரிதாகத் தெரியாது. கறையும் விரிசலும் உள்ள சுவரில் ஒவ்வொரு பாசித் தடமும் கரியாகிவிடும். கூரை விளிம்பைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

நானும் தாண்டியவன்தான். தொடக்க காலத்தில் ஒரு பின்சந்து வீட்டை எடுத்து, எல்லா ஸ்லைடரையும் வலப்புறம் தள்ளி, பெரிதாக அச்சிட்டு, அங்கே குடியிருந்த அம்மாவிடம் கொண்டுபோய்ப் பெருமையோடு கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "என்ன தம்பி, வீடு தீப்பிடிச்ச மாதிரில்ல இருக்கு?" என்றார். முப்பது ஆண்டுகளாகத் தாம் பெருக்கித் துடைத்த வாசல் அது. பாழடைந்த வீடு என்று நான் காட்டியது அவருக்குப் பாழடைந்த வீடு அன்று. அதே கோப்பை மறுபடி திருத்தி வேறொரு படம் கொடுத்தேன். அதை மாட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது: கிளாரிட்டியைப் படம் முழுவதற்கும் போடுவதில்லை. உரசும் ஒளி விழும் பகுதிக்கு மட்டும் மாஸ்க் வழியாகச் சிறிது சேர்ப்பேன், பாசிக்கறையின்மேல் போவதில்லை. திருத்தி முடித்த படத்தை ஓர் இரவு மூடி வைத்து, காலையில் திறந்து, எல்லாவற்றிலும் கால்பங்கைக் குறைப்பேன். மூட்டத்தை விலக்கும் டீஹேஸை, சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் நாட்களில் தொலைவிலிருந்து எடுத்த படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு வெள்ளையில் மாற்றினால் பழமை கூடுமா?

நிறம் போனதால் பழமை வந்துவிடாது. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒரு வசதி இருக்கிறது: எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். செம்மஞ்சள் நிறத்தின் அளவைக் குறைத்தால் மேலே சொன்ன டிரென்டெபோலியாப் படலம் கறுத்துச் சுவரின் நீர்ப்பாதைகள் துலங்கும். கூட்டினால் அந்தப் படலம் ஏறக்குறைய மறைந்து அடியிலிருக்கும் பூச்சு தெரியும். இரண்டும் மெய்யே. நிறமே கதையாக இருக்கும் சுவரை, அதாவது பச்சைக்கடியில் நீலம், அதற்கடியில் மஞ்சள் என்று உரிந்து நிற்பதை, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது அநியாயம்.

குளிர்சாதனப் பெட்டி, கம்பிகள், கார்கள், குப்பைத்தொட்டி இவற்றை அழிக்கலாமா?

நகரும் பொருள், நகராப் பொருள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கார் நகரும், காத்திருந்தால் போய்விடும். ஆள்நடமாட்டம் உள்ள தெருவில் முக்காலியிலிருந்து அசையாமல் சில நிமிட இடைவெளியில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, அவற்றை அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் வரும் மதிப்பை எடுக்கும் நடுமதிப்பு முறையில் இணைத்தால், ஒரே இடத்தில் நில்லாத அனைத்தும் மறைந்து தெரு வெறிச்சோடி நிற்கும். இதில் கற்பனையாக ஒரு புள்ளிகூடச் சேர்வதில்லை. கார் மறைத்த சுவரே வேறொரு படத்திலிருந்து வந்து நிற்கிறது.

குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சிக் கம்பியும் நகரா. அவை அந்த வீடு எப்படி வாழ்ந்தது என்பதன் பகுதி. நான் அவற்றை அழிப்பதில்லை. மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகள், அதாவது அவர்கள் கடன் கொடுக்கும் தொழில் நடத்திய இடங்கள், இன்று இல்லை. பெட்டகங்களும் தாழ்ந்த மேசைகளும் வரிசையாக இருந்த அந்தக் கூடங்களின் பழைய படங்களில் நாம் இன்று ஆவலோடு தேடுவது தூண் வேலைப்பாட்டை மட்டுமா? சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியையும், கொடியில் தொங்கிய வேட்டியையும் தேடுகிறோம். அக்காலப் படக்காரர் அவற்றை அசிங்கம் என்று ஒதுக்கியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

செயற்கை நுண்ணறிவால் வானத்தை மாற்றுவது, விரிசல் சேர்ப்பது பற்றி?

கற்பனைப் படம் செய்வது உங்கள் உரிமை. அதைக் கற்பனை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் முகவரி உள்ள ஒரு வீட்டின் பெயரைப் போட்டு, அதில் இல்லாத விரிசலை ஒட்டுவது பொய்ச்சாட்சி. விரிசலுக்குக் காரணம் உண்டு, திசை உண்டு. சன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலைக் கட்டடம் அறிந்தவர் பார்த்தால் அடித்தளம் இறங்கியதா என்று கேட்பார். இணையத்தில் எடுத்த ஒரு விரிசல் படத்தை மல்டிப்ளை லேயரில் (அடியிலுள்ள படத்தைக் கருமையாக்கும் அடுக்கில்) ஒட்டினால் அது எங்கிருந்தும் வராது, எங்கும் போகாது. கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

நம் வானம் பல நாள் வெறும் வெள்ளைத் தாள்தான். அதற்கு மாற்று, வேறு வானத்தை ஒட்டுவதன்று. வானம் குறைவாக வரும்படி எடுப்பது.

அனுமதி வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் நின்று ஒரு கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறல் அன்று. ஆனால் கட்டடத்தில் வரைந்திருக்கும் சுவரோவியம் ஓவியருடைய படைப்பு. அதை மட்டும் எடுத்து விற்பனைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் கேட்டுவிடுங்கள். படமெடுக்கத் தடை என்று அறிவிப்பு இருக்கும் பாதுகாக்கப்பட்ட இடங்களில் எடுக்கக்கூடாது. 2017-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் இதில் கண்டிப்பானது. ஆளில்லாமல் வேலியிட்டுக் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் பங்களாக்கள் (வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டமும் கொண்ட ஆங்கிலேயர் காலத்து வீடுகள்) பெரும்பாலும் அரசு நிலத்தில் உள்ளவை. 'அரசுச் சொத்து' என்ற பலகையைக் கடந்து போவது அத்துமீறல். அதோடு அழுகிய மாடிப்பலகை யாருடைய எடையையும் தாங்கும் என்று உறுதி கூற முடியாது.

சட்டத்தைவிட நடத்தை முக்கியம். கூன் செங் சாலையின் அழகிய வரிசை வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் திண்ணையில் ஏறுவதும் சன்னல் வழியே லென்ஸை நுழைப்பதும் தகாது. வீட்டுக்காரர் வெளியே வந்தால் கேமராவை இறக்கி, வணக்கம் சொல்லி, எடுத்த படத்தைக் காட்டுங்கள். ஒரு பெரியவரிடம் "ஐயா, இந்தக் கதவு எந்தக் காலத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சில நாள் உள்ளே கூப்பிட்டுத் தேநீரும் கொடுப்பார்கள், சில நாள் "போப்பா" என்பார்கள்; போய்விட வேண்டும்.

லென்ஸில் பூஞ்சை வருகிறதே?

ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படரும். துடைத்துத் துடைத்துத் தேய்க்காமல், பைக்குள்ளேயே இருபது நிமிடம் சூடேற விடுங்கள். அதற்குள் ஒரு தேநீர் குடிக்கலாம்.

படங்களை எப்படிச் சேமித்து வைப்பது? யாருக்காவது பயன்படுமா?

கட்டட வரலாற்றாளர் லீ கிப் லின் எடுத்துவைத்த ஆயிரக்கணக்கான படங்கள் இன்று தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ள கட்டடங்கள் பல இப்போது இல்லை. ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த சிங்கப்பூர்ப் படங்களையும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கங்களையும் பார்த்துவிட்டு, அதே இடத்தில் நின்று இன்றைய படம் எடுப்பது நல்ல பயிற்சி. எந்த மாடி கூடியது, எந்தச் சன்னல் மூடப்பட்டது, எந்தப் பூச்சு மறைந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திருத்தாத ரா கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்திய படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகவும், இணையத்துக்கு ஜேபெக்காகவும் தனித்தனியே வையுங்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய கணக்கு, இன்றும் பொருந்தும். கோப்பின் தகவல் பகுதியில் சாலைப் பெயர், கதவு எண், நாள், கேமரா பார்த்த திசை ஆகியவற்றையும், எதையாவது அழித்திருந்தால் என்ன அழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீடு குடியிருப்பாக இருந்து நீங்கள் படத்தை இணையத்தில் இடுவதானால் கதவு எண்ணையும் இருப்பிடக் குறியையும் அந்தப் படியிலிருந்து மட்டும் நீக்கிவிடுங்கள். என் கோப்புப் பெயர்கள் ஆண்டு, மாதம், நாள், சாலை, வரிசை எண் என்ற ஒழுங்கில் தொடங்கும். முதல் இரண்டாண்டுகள் இதைச் செய்யவில்லை; அந்தப் படங்களில் பாதி எந்தத் தெரு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.